கூட்டத்தின் நடுவே ஒரு தெளிந்த குரல்

திருச்செந்தூர்ச் செந்திலாண்டவனுக்கு உச்சிக்கால பூஜை நிறைவேறிய பின்னரே பாஞ்சாலங்குறிச்சியில் வீரபாண்டிய கட்டபொம்மன் உணவருந்துவார் என்பது தென்பாண்டிச் சீமையில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. சந்நிதியில் தீபாராதனை ஆனதும் கோயில் மணி ஒலிக்கும். அதைக் கேட்டு அடுத்த மண்டபத்து மணி ஒலிக்கும். அதற்கடுத்த மண்டபம் அதனை ஏற்று ஒலிக்கும். இவ்வாறு மணியோசை மண்டபம் மண்டபமாகத் தாவிச் சென்று அரண்மனையை அடையுமாம்.

அந்த மணியோசைக்கு மதிப்பளித்தது அதன் உரப்பு மட்டும் அன்று. கேட்பவருக்கு அதன் பொருள் முன்னரே தெரிந்திருந்தது. அது தவறாக ஒலிக்காது என்ற நம்பிக்கையும் இருந்தது. லட்சக்கணக்கானோர் ஒரே நாளில் கூடும் இக்காலத் திருவிழாக்களில் மக்களின் உயிரைக் காப்பதற்கும் இத்தகைய ஒலியே வேண்டியிருக்கிறது.

பெரிய வளாகங்களிலும் சாலையோரங்களிலும் அவசர உதவித் தூண்களை இப்போது காண்கிறோம். ஆள் உயரத்தில் ஒரு பொத்தான், பேசவும் கேட்கவும் ஒரு சிறு கருவி, மேலே தொலைவிலிருந்தும் தெரியும் ஒரு விளக்கு, சில இடங்களில் ஒரு கேமரா. ஆபத்தில் சிக்கியவர் பொத்தானை அழுத்தினால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் பேசுவார். கைப்பேசி இல்லாதவருக்கும், அதன் மின்சாரம் தீர்ந்தவருக்கும், கூட்ட மிகுதியால் அழைப்புக் கிடைக்காதவருக்கும் இது பெருந்துணை.

ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. உதவி கேட்கும் ஒருவருக்கு மட்டுமே இத்தூண் பேசும். அவரைச் சுற்றி நிற்கும் ஆயிரம் பேருக்கும் ஒரு சொல் சொல்ல வேண்டுமானால் அதற்கு வாய் இல்லை. ஆகவேதான் இத்தூண்களின் உச்சியில் திசைக்கு ஒன்றாகக் கூம்பு ஒலிபெருக்கிகளைப் பொருத்தும் முறை வந்துள்ளது. பகுதி பகுதியாகப் பூட்டப்படும் அமைப்பாக இருந்தால், முன்பே நிறுவிய தூணைப் பெயர்க்காமல் ஒலிபெருக்கியையும், ஆம்ப்ளிஃபயரையும், மின்கலத்தையும் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். மின்சாரம் தடைப்படும் வேளையில்தான் அறிவிப்புக்குத் தேவை மிகுதி. ஆதலால் மின்கலம் இன்றியமையாதது.

இதன் அருமையை உணர இரண்டு துயர நிகழ்ச்சிகளை நினைவுகூர வேண்டியுள்ளது. 2008 ஆகஸ்ட் 3 அன்று இமாசலப் பிரதேசத்தில் நைனா தேவி கோயிலுக்குச் செல்லும் மலைப்பாதையில், நிலச்சரிவு ஏற்பட்டுவிட்டது என்ற வதந்தி பரவிற்று. மக்கள் அஞ்சி ஓடினர். நெரிசலில் 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2013 அக்டோபர் 13 அன்று, நவராத்திரி நாளில், மத்தியப் பிரதேசத்தின் ரத்தன்கர் கோயிலருகே சிந்து என்னும் ஆற்றின் பாலத்தில் பக்தர்கள் திரண்டிருந்தனர். பாலம் இடிகிறது என்று ஒரு பேச்சு எழுந்தது. பாலம் இடியவில்லை. ஆனால் 100-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

இரண்டிடத்தும் மலை சரியவில்லை, பாலம் வீழவில்லை. ஒரு பொய்ச் சொல்லே உயிர்களைக் கொண்டுபோயிற்று. கூட்டத்தின் பின்னால் இருப்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. முன்னால் நசுங்குபவரின் குரல் பின்னால் எட்டாது. அவ்வேளையில், ‘பாலம் உறுதியாக உள்ளது, நின்ற இடத்திலேயே நில்லுங்கள்’ என்று நம்பத்தக்க ஒரு குரல் ஒவ்வொரு தூணிலிருந்தும் கேட்குமானால், வதந்திக்கு எதிராக உண்மையும் அதே வேகத்தில் ஓடும்.

இது வெறும் கற்பனை அன்று. 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அதன் பின்னர் அம்மாநிலம் படிப்படியாக எச்சரிக்கை ஏற்பாடுகளை வளர்த்தது. 2018-இல் ஆறு கடலோர மாவட்டங்களில் 122 எச்சரிக்கைக் கோபுரங்கள் செயலுக்கு வந்தன. மறு ஆண்டு மே 3 அன்று, ஜகந்நாதர் உறையும் பூரிக்கு அருகே ஃபானி புயல் கரையைக் கடந்தது. அதற்கு முன்பே சைரன்களும், ஒலிபெருக்கிகளும், கைப்பேசிச் செய்திகளும் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லின. 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஒடிசாவில் உயிரிழப்பு நூற்றுக்குள் அடங்கிற்று. வானிலைக் கணிப்பும், புயல் காப்பகங்களும், தொண்டர்களின் உழைப்பும் இதற்குக் காரணம். அவையெல்லாம் பயன் தந்ததற்கு, செய்தி கடைசி மனிதரின் செவி வரை சென்றதும் ஒரு காரணம்.

கருவி இருந்தால் மட்டும் போதுமா? போதாது. 2025 பிப்ரவரி 15 இரவு புது தில்லி ரயில் நிலையத்தில், கும்பமேளாவுக்குச் செல்லக் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 18 பேர் உயிரிழந்தனர். பிரயாக்ராஜ் என்ற பெயரைக் கொண்ட இரண்டு ரயில்களைப் பற்றிய அறிவிப்பு மக்களைக் குழப்பியது என்று காவல் துறையினர் தெரிவித்தனர். காக்க வேண்டிய குரலே குழப்பமாக வந்தால் அதுவும் ஆபத்தாகிவிடும். ஆதலால் அறிவிப்பவர் சொல்ல வேண்டியதை முன்னரே எழுதி வைத்திருத்தல் நலம். என்ன நேர்ந்தது, எந்த இடத்தில், கேட்பவர் இப்போது என்ன செய்ய வேண்டும் என்பவற்றைக் குறுகிய வாக்கியங்களில், நிதானமாக, வந்திருப்போர் மொழிகளில் சொல்லுதல் வேண்டும்.

எல்லாத் தூண்களும் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைச் சொல்வதும் சரியன்று. ‘வடக்கு வாசல் திறந்துள்ளது’ என்று ஊர் முழுவதும் முழங்கினால் ஊரே வடக்கு வாசலுக்கு வந்துவிடும். எந்தப் பகுதிக்கு எந்தச் சொல் என்று கட்டுப்பாட்டு அறை தேர்ந்து பேசுவதற்கு வசதி இருக்க வேண்டும்.

முதியோர் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வயது ஏற ஏற, நுண்ணிய உயர் ஒலிகளைக் கேட்கும் திறன் குறைகிறது. ஒரு சொல்லை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யெழுத்து ஒலிகள் பல அந்த உயர் ஒலிகளைச் சார்ந்தவை. ஆகவே, ‘சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை’ என்று பெரியோர் கூறுவது முற்றிலும் உண்மை. சத்தத்தைக் கூட்டுவது இதற்கு மருந்தாகாது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. நமக்கு அருகில் ஒரு ஒலிபெருக்கியும், அதைவிட 100 மீட்டர் அப்பால் மற்றொன்றும் பேசினால், அப்பாலுள்ளதன் ஒலி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நொடி தாமதித்து வந்து அருகிலுள்ளதன் சொல்லைக் குழப்பும். ஓரிடத்தில் பெருமுழக்கமாக ஒலிப்பதைவிட, நெருக்கமாக நிறுவிய பல தூண்களில் மிதமாகவும், கால ஒழுங்கு செய்யப்பட்டும் ஒலிப்பதே தெளிவு தரும்.

கோயில் நிர்வாகத்தார்க்கும் விழாக் குழுவினர்க்கும் ஒரு பணிவான விண்ணப்பம். பக்திப் பாடலும், நன்கொடையாளர் பெயரும், கடை விளம்பரமும் விடியல் முதல் நள்ளிரவு வரை ஒரே ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தால், பக்தரின் செவி அதைப் புறந்தள்ளப் பழகிவிடும். பிறகு ஆபத்து அறிவிப்பு வரும்போதும் அது கேட்காத செவியாகவே இருக்கும். அவசர அறிவிப்பு எழுந்தவுடன் மற்ற ஒலிகள் தாமாகவே அடங்கும்படி அமைத்தலும், அந்தக் குரலைத் தேவைக்கு மட்டும் பயன்படுத்தலும் அதன் மதிப்பைக் காக்கும். ஒவ்வொரு தூணுக்கும் பெரிய எழுத்தில் எண் இட்டால், வழி தெரியாத முதியவரும் தாம் நிற்கும் இடத்தைச் சொல்லிவிட முடியும்.

தரிசனத்துக்குச் செல்லும் நாமும் சில பழக்கங்களைக் கைக்கொள்ளலாம். கூட்டத்துள் நுழையுமுன் அருகிலுள்ள உதவித் தூணையும் அதன் எண்ணையும் பார்த்துக்கொள்வோம். பிள்ளைகளின் சட்டைப்பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டை வைப்போம். துணைக்கு வந்தவர் பிரிந்தால் எந்த இடத்தில் சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்வோம். கைப்பேசி உள்ளோர் 112 என்ற அவசர எண்ணை நினைவில் கொள்வோம். அறிவிப்பு எழும்போது பேச்சை நிறுத்தி, நின்று, முழுவதும் கேட்போம். காது மந்தமான பெரியவர் அருகில் இருந்தால் அவருக்குச் சொற்களை மெல்ல எடுத்துச் சொல்வோம். யாரோ கூவியதை நாமும் கூவாதிருப்போம். பலரைக் காக்கும் தொண்டு அது.

இறைவன் திருநாமத்தைச் செவிமடுக்கச் சென்ற இடத்தில், உடன் வந்தோரின் உயிரைக் காக்கும் சொல்லையும் செவிமடுத்தல் வழிபாட்டில் சேர்ந்ததே. தரிசனத்துக்குப் புறப்பட்ட ஒவ்வொருவரும் பிரசாதத்துடன் நலமாக இல்லம் திரும்ப எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.