கப்பலை எதிர்பார்க்கும் அடுக்களை

திருகோணமலையில் வாழ்பவர்க்குக் கடலைப் பார்த்திருப்பது பிறவிப் பழக்கம். உலகிலுள்ள சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றின் கரையிலே நாம் குடியிருக்கின்றோம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஒருவர்பின் ஒருவராக வந்தோரெல்லாம் அத்துறைமுகத்தின்மீதே கண்வைத்தனர். நமது நகரின் பெருமையும் அதனைச் சார்ந்தே பேசப்பட்டு வருகின்றது. ஆயினும், குடும்பத்திற்கு நாள்தோறும் உணவிடுவோர் நோக்க வேண்டிய திசை கடல் ஒன்றுதானா? நகருக்குப் பின்னே பரந்து கிடக்கும் வயலையும் தோட்டத்தையும் நாம் போதியளவு திரும்பிப் பார்க்கின்றோமா? இவ்வினாவை இவ்வாரம் வாசக நேயர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

காலையுணவிலிருந்தே தொடங்குவோம். விடிந்ததும் விடியாததுமாக, இசையொலி எழுப்பிக்கொண்டு பாண் விற்கும் முச்சக்கரவண்டி நமது தெருக்களில் வருகின்றது. அந்தப் பாணுக்குரிய கோதுமை இலங்கை வயல்களில் விளைவதன்று. அது கப்பலேறி வருவது. 1977ஆம் ஆண்டில் அரசாங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி சிங்கப்பூரின் பிரிமா நிறுவனம் சீனன்குடாவில் அமைத்த மாபெரும் மாவாலை, நமது துறைமுகத்தின் கரையிலேயே நிற்கின்றது. நாடெங்கும் பாணாகும் மா நமது ஊரில் அரைபடுகின்றது; அதன் தானியமோ நமது மண்ணை அறியாதது.

பாண் உண்ணும் வழக்கம் நம்மிடையே பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் இலங்கை தனது அரிசியின் பெரும்பகுதியைப் பர்மா முதலிய நாடுகளிலிருந்தே பெற்றது. 1942ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இரங்கூன் யப்பானியர் கைக்கு வீழ்ந்தது. அடுத்த மாதம் 9ஆந் திகதி திருகோணமலைமீதே குண்டுகள் விழுந்தன. அரிசிக் கப்பல்கள் நின்றன, பங்கீடு வந்தது, அரிசியின் குறையை நிரப்பக் கோதுமை மா வந்தது. போர் முடிந்தபின்னும் மா போகவில்லை. முட்டுக்கு வந்த விருந்தாளி வீட்டுக்காரனாகி விட்டது.

எண்பது ஆண்டுகளின் பின் அதே பாடத்தை நாம் மீண்டும் கற்றோம். 2022ஆம் ஆண்டில் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியது. எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். உக்கிரேனிலே மூண்ட போரினால் உலகெங்கும் கோதுமை விலை ஏறியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பொருள்களின் விலை முன்னைய ஆண்டினும் 94.9 விழுக்காடு உயர்ந்திருந்தது. வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரசாங்க ஊழியர்க்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்குமளவுக்கு நிலைமை முற்றியது. அந்நாட்களில் அயலவரின் முருங்கையும், மரவள்ளியும், கோழி முட்டையும் எத்துணை பெறுமதி வாய்ந்தவை என்பதை ஒவ்வொரு வீடும் உணர்ந்தது. நெருக்கடி தணிந்ததும் நாம் பழையபடி கடலையே பார்க்கத் தொடங்கிவிட்டோம் என்பதுதான் வருந்தத்தக்கது.

நமது மாவட்டத்தில் இல்லாதது யாது? கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டு மன்னன் கோணேசர் கோயிலுக்காகத் திருத்தினான் என்பது நம்மவரின் ஐதீகம். அக்குளத்து நீர் பாயும் கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் நெல் விளைகின்றது. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிற் கலக்குமுன் மூதூர்ப் பக்கத்து வயல்களை வளப்படுத்துகின்றது. நிலாவெளி, குச்சவெளிப் பக்கங்களின் மணற்பாங்கான நிலத்திலே சின்ன வெங்காயம் செழிக்கின்றது. கிண்ணியாவிலும் மூதூரிலும் எருமைப் பால் சட்டியில் உறைந்து தயிராகின்றது. மண்சட்டி நீரை உறிஞ்சிக்கொள்வதால் அத்தயிர் வெட்டியெடுக்குமளவு இறுகி நிற்கும். 2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதன் பின்னர், பாதையிலே காத்திருந்து துறை கடக்க வேண்டிய தொல்லையும் நீங்கிவிட்டது. 2006ஆம் ஆண்டின் போரினால் ஊரை விட்டகன்ற சம்பூர் மக்கள், 2015, 2016ஆம் ஆண்டுகளில் தத்தம் நிலம் விடுவிக்கப்பட்ட பின்னரே மீண்டும் மண்ணைக் கிளறத் தொடங்கினர். ஒரு பத்தாண்டைத் தொலைத்து வந்தவர் விளைவிக்கும் பொருளுக்கு நகரத்து வீடுகளிலே இடம் இருத்தல் வேண்டாமா?

விளைவிப்பவரின் இடர்ப்பாடு யாதென்பதை நாம் சற்று அறிந்துகொள்ளல் நன்று. பெரும்போக நெல் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் ஏககாலத்தில் அறுவடையாகின்றது. நெல்லைச் சேமிப்பதாயின் அதன் ஈரப்பதன் 14 விழுக்காட்டுக்கு இறங்குமட்டும் உலர்த்தல் வேண்டும். களமும் களஞ்சியமும் இல்லாத சிறு உழவர், உழவுக்கும் பசளைக்கும் பட்ட கடன் கழுத்தை நெரிக்க, வயலோரத்திலேயே ஈரநெல்லை விற்றுவிடுகின்றார். விலை மிகத் தாழ்ந்திருக்கும் வேளையும் அதுவே. சில மாதங்கள் சென்றபின் அதே அரிசியை நாம் கடையில் உயர்ந்த விலைக்கு வாங்குகின்றோம். இடைநடுவே ஏறிய விலையில் உழவர்க்குப் பங்கில்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்னும் முதுமொழி இதனாற் பிறந்ததே. காய்கறியின் கதையும் ஏறக்குறைய இதுவே. நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள தம்புள்ளைச் சந்தையிலிருந்து லொறியேறி வரும் கத்தரிக்காய் நமது கூடையில் விழுகின்றது. அயற்கிராமத்துக் கத்தரிக்காயோ வாங்குவோரைக் காணாமல் வதங்குகின்றது.

வீட்டிலே பலகாரமும் கேக்கும் செய்து விற்கும் பெண்மணியின் நிலை வேறு வகையானது. போரிலே துணைவரை இழந்தோரும், கடற்றொழிலாளர் குடும்பத்தினரும், வேலை தேடி அலுத்த இளம் பெண்களும் ஒரு சிறு அடுப்பை நம்பித் தொழில் தொடங்குகின்றனர். பயற்றம் பணியாரம், தொதல், வட்டிலப்பம், பறங்கியர் வழிவந்த லவ் கேக் எனப் பல சமூகத்தவரின் கைப்பாகமும் நமது நகரில் அயல்வீட்டிலேயே கிடைக்கும். ஆயினும் முட்டை, நெய், கஜு யாவற்றையும் அவர் கைப்பணம் கொடுத்து முன்னரே வாங்கியாக வேண்டும். பிறந்தநாள் கேக்கொன்று சொல்லிவைத்தவர் அன்று காலையில் வேண்டாமென்றால், பெயரெழுதிய அந்தக் கேக்கை வேறெவர் வாங்குவர்? தெரிந்தவர் என்ற உரிமையில் விலையைக் குறைப்பதும், பிறகு தருகிறோம் என்று சொல்லி மறப்பதும் நாம் நாள்தோறும் காண்பவையே. பெரிய கடையிலே ஒரு சதமும் குறைத்துக் கேட்கத் துணியாத நாம், அயல்வீட்டு அக்காவிடம் மட்டும் பேரம் பேசுவது முறையாகுமா?

ஆகவே, சிறு உழவர்க்கும் வீட்டுப் பலகாரக்காரிக்கும் பொதுவாக வேண்டியது ஒன்றுண்டு. அது நிலையான வாடிக்கை. ஒரு நாள் ஆர்வத்தோடு வந்து பத்துப் பொருள் வாங்கிச் செல்பவரைக் காட்டிலும், வாரந்தோறும் ஒரு பொருளைத் தவறாது வாங்குபவரே அவர்களை வாழவைப்பவர்.

இவ்வுண்மையை யப்பானிய இல்லத்தரசியர் 1970களிலே செயலிற் காட்டினர். இரசாயனங்களால் உணவு கெடுவதைக் கண்டு அஞ்சிய அவர்கள், அயலிலுள்ள உழவரோடு நேரடியாக உடன்படிக்கை செய்துகொண்டனர். இன்னது பயிரிடுங்கள், விளைந்ததை முழுதும் நாங்கள் எடுத்துக்கொள்வோம், விலையை இருவரும் கலந்து தீர்மானிப்போம் என்பதே உடன்படிக்கையின் சாரம். கைகோத்தல் என்னும் பொருள்பட அதனைத் ‘தெய்கெய்’ என்று அழைத்தனர். தமிழ்நாட்டிலே 1999ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, விளைவித்தவரே விற்கும் வாய்ப்பை ஏற்படுத்தியது. நமது நாட்டிலும் 2012ஆம் ஆண்டு முதல் கொழும்பிலே ‘குட் மார்க்கெட்’ என்னும் சந்தை, சேதனப் பயிர் விளைவிப்போரையும் வீட்டு உற்பத்தியாளரையும் நுகர்வோர் முன் கொண்டுவந்தது. வடமாகாணத்தில் விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் பெண்களே சமைத்து விற்கும் ‘அம்மாச்சி’ உணவகங்கள் நல்ல பெயர் பெற்றுள்ளன.

சேதனப் பயிர்ச்செய்கை என்றதும் நேயர்கள் சிலர் புன்முறுவல் பூக்கலாம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டதையும், விளைச்சல் வீழ்ந்து, நவம்பரிலேயே அத்தடை கைவிடப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. நெடுங்காலம் இரசாயனப் பசளைக்குப் பழகிய மண், கூட்டெருவையும் பசுந்தாளையும் ஏற்று வளம்பெறப் பல போகங்கள் செல்லும். அந்த இடைக்காலத்தில் விளைச்சல் குறையும். அக்குறையைத் தாங்குவது யார் என்பதே கேள்வி. 2021இல் அச்சுமை முழுவதும் உழவர் தலையில் விழுந்தது. வாங்குவோர் சிலர் சற்று நியாயமான விலை கொடுத்து, ஆண்டுக்கணக்கில் உடன் நிற்பாராயின், ஓர் உழவர் முதலில் கால் ஏக்கரையும் பின்னர் அரை ஏக்கரையும் துணிந்து மாற்றுவார். சட்டம் ஆறு மாதத்திற் செய்ய முடியாததை வாடிக்கை ஆறு ஆண்டிற் செய்யக்கூடும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு குடும்பம் மாதத்திற்கு 20 கிலோ அரிசி உண்கின்றதென வைத்துக்கொள்வோம். பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் ஆண்டிற்கு 2,400 கிலோ. நல்ல காலத்தில் ஓர் ஏக்கர் ஒரு போகத்தில் ஏறத்தாழ 1,800 கிலோ நெல் தருகின்றது. குற்றினால் அரிசி அதில் மூன்றில் இரு பங்குக்குச் சற்றுக் குறையும். எனவே பத்து வீடுகளின் ஆண்டு அரிசி ஏறக்குறைய இரண்டு ஏக்கரின் ஒரு போக விளைச்சலாகும். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய நெல்லினங்கள் விளைச்சலிற் குறைந்தவை. அவற்றுக்குக் கூடுதலான நிலம் வேண்டும். எவ்வாறாயினும், ஓர் ஒழுங்கையிலுள்ள பத்து வீடுகள் ஒன்றுகூடினால் ஓர் உழவரின் வயலைத் தாங்க முடியும்.

தொடங்க விரும்பும் குடும்பங்களுக்குச் சில யோசனைகள் கூறுவோம். எல்லாப் பொருளையும் ஒரேயடியாக மாற்ற முயல வேண்டாம். அரிசியோ, முட்டையோ, தயிரோ ஏதாவதொன்றில் தொடங்குங்கள். அறுவடை வேளையில் அயலவரோடு சேர்ந்து ஒரு பகுதி முற்பணம் கொடுத்து வையுங்கள். உழவர் கடன்காரரிடம் செல்லாது தப்புவார். காய் சற்று வளைந்திருப்பினும், கீரையில் ஓரிரு துளை இருப்பினும் ஒதுக்காதீர்கள். மலிவாய்க் கிடைக்கும் காலத்தில் கூடுதலாக வாங்கி வற்றலும், மோர் மிளகாயும், ஊறுகாயும் போட்டு வைத்தால் பணமும் மிஞ்சும். பலகாரத்திற்கு இரண்டு மூன்று நாள் முன்னரே சொல்லி, பாதிப் பணத்தைக் கையிற் கொடுங்கள். சட்டியையும் போத்தலையும் கழுவித் திருப்பி அனுப்புங்கள்.

கேட்க வேண்டியவற்றைக் கேட்கவும் தயங்க வேண்டாம். எந்தப் பசளை இட்டீர்கள், பீடைநாசினி தெளித்து எத்தனை நாளாயிற்று என்று வினவுவது வாங்குவோரின் உரிமை. சேதன விளைபொருள் என்று எழுதி ஒட்டிய எல்லாமே அத்தகையன அல்ல. தோட்டத்தை ஒருமுறை நேரிற் பார்ப்பது எழுத்தினும் சிறந்த சான்று. வீட்டில் உணவு செய்து விற்போர்க்கும் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் பொருந்தும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையை முன்கூட்டியே பெற்றுக்கொள்வது அவர்களுக்கும் நன்மை, உண்பவர்க்கும் நன்மை.

கோதுமை மாவை முற்றாக விலக்குங்கள் என்று நாம் கூறவில்லை. பாண் பொங்குவதற்குரிய பசைப்புரதம் கோதுமையில் உண்டு. அரிசியிலும் குரக்கனிலும் இல்லை. ஆனால் மாவில் ஒரு பங்கு குரக்கனைக் கலந்து பாண் சுடலாம். கேக்கையோ அரிசிமாவிலேயே செய்யலாம். இடியப்பத்திற்கும் பிட்டுக்கும் நமது அரிசிமாவே போதுமானது. வாரத்தில் இரண்டு காலைப்பொழுதை இவ்வாறு மாற்றினால், வீட்டிற்கு அதனால் குறைவொன்றும் நேராது.

குறைந்த வருவாயில் காலங்கழிக்கும் குடும்பங்கள் விலையையே முதலில் நோக்கும். அவர்களைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. சற்று வசதியுள்ளோர் இதனைத் தொடங்கி வைப்பாராயின், விளைவிப்போர் பெருகி, விலையும் படிப்படியாக யாவர்க்கும் எட்டும் நிலைக்கு வரலாம்.

நமது துறைமுகத்திற்குக் கப்பல்கள் வரட்டும். அவை வருவதே நகருக்கு அழகு. ஆனால் ஒரு கப்பல் பிந்தினால் அடுப்பு அணையுமென்ற நிலை எந்த வீட்டிற்கும் வேண்டாம். 1942இலும் 2022இலும் நம்மைக் காத்தவர்கள் அயலிலே மண்ணைக் கொத்தியவர்களும் மாவைப் பிசைந்தவர்களுமே. அடுத்த நெருக்கடி வரும்போதும் அவர்கள் அங்கே இருக்க வேண்டுமாயின், நெருக்கடி இல்லாத இந்நாளிலேயே நாம் அவர்களின் வாடிக்கையாளராய் இருத்தல் வேண்டும்.