டிராக்டர் சக்கர போல்ட்டில் மரை கெட்டால் என்ன செய்யலாம்?

பஞ்சர் ஒட்டிவிட்டு டிராக்டரின் முன்சக்கரத்தை மாட்டும்போது, போல்ட்டு பாதியில் இறுகி நிற்கிறதா? ஸ்பேனரில் பைப்பைச் செருகி மிதிக்காதீர்கள். போல்ட்டோடு ஹப்பின் மரையும் போய்விடும். செலவு பல மடங்காகும்.

முதலில் பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சுக்கு அடியிலும் உறுதியான முட்டுக் கொடுங்கள். போல்ட்டைக் கழற்றி, கம்பி பிரஷால் சேறு, துருவைத் தேய்த்துப் பாருங்கள். மரை உதிர்ந்திருந்தாலோ நடுவில் மெலிந்திருந்தாலோ அந்தப் போல்ட்டு வேண்டாம்.

புதியது வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு செல்லுங்கள். 12 மி.மீ. போல்ட்டிலேயே 1.25, 1.5, 1.75 மி.மீ. என வெவ்வேறு மரை இடைவெளிகள் உண்டு. தலையிலுள்ள 8.8, 10.9 போன்ற வலிமை எண்ணும் குறையக் கூடாது.

ஹப் துளையில் மரை லேசாக நசுங்கியிருந்தால், அதே அளவு டேப்பில் எண்ணெய் விட்டு நேராகப் பிடித்து, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே எனத் திருப்புங்கள். பிறகு தூள், எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். மரையே இல்லாவிட்டால் ஹப்பை லேத் பட்டறையில் காட்டுங்கள். போல்ட்டை வெல்டிங் வைத்து ஒட்டக் கூடாது. சூட்டில் அதன் வலிமை கெட்டுவிடும்.

மாட்டும்போது முதல் மூன்று நான்கு சுற்றை விரலாலேயே ஏற்றுங்கள். எதிரெதிர் போல்ட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரு மணி நேரம் ஓட்டியபின் மீண்டும் சரிபாருங்கள். பாரம் ஏற்றிச் சாலையில் போகும்போது சக்கரம் கழன்றால், ஆபத்து உங்களுக்கு மட்டுமல்ல, எதிரே வருபவருக்கும்தான்.