ஆயர்பாடிக்கு ஒரு டிக்கெட்!

ராஜபாளையம் ஸ்டேஷனில் ரயிலேறி, வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, நிதானமாகத் தாம்பூலம் போட்டு முடிப்பதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிடும். இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். 1927-ல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு ரயில் பாதை போட்டதால் கிடைத்த வசதி இது. இறங்கி ஊருக்குள் போனால் வழி கேட்கவே வேண்டாம். பதினோரு நிலை, 192 அடிக் கோபுரம் 'இங்கே வா' என்று அழைக்கும்.

இங்கேதான் வண்டி மாற வேண்டும். ஆயர்பாடிக்குப் போகும் அந்த வண்டி எந்த ரயில்வே அட்டவணையிலும் இல்லை. ஆனாலும் ஆயிரம் வருஷங்களுக்கு மேலாகத் தவறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பாதை போட்டவள் ஒரு பெண்; பெரியாழ்வாரின் மகள் ஆண்டாள். கண்ணனின் ஊரோ எங்கேயோ வடக்கே யமுனைக் கரையில். அவள் என்ன செய்தாள்? தன் ஊரையே ஆயர்பாடியாகவும், தோழிகளை ஆய்ச்சியராகவும், கோயிலை நந்தகோபன் மாளிகையாகவும் பாவித்துக்கொண்டாள் என்பார்கள் பெரியோர். அவள் பாடிய திருப்பாவை முப்பதும்தான் அந்தப் பிரயாணத்துக்குக் 'கைடு'. புதிதாகப் புறப்படுகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

நேரம்: மார்கழி விடியற்காலை. கடிகாரம் வேண்டாம். பறவைகளின் சத்தம் முதல் மணி. கோயில் சங்கு இரண்டாம் மணி. வெள்ளி எழுந்து வியாழன் மறைந்துவிட்டால், நீங்கள் 'லேட்'!

சாமான்கள்: கண் மை, பூச்சரம் கூடாது. பால், நெய் அறவே கூடாது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை மடியில் ஒளித்து வைத்திருப்போர் தயவுசெய்து இறக்கிவிடவும். முகம் வாட வேண்டாம். 27-ஆம் பாசுரத்தில் புது நகை, புதுப் புடைவையோடு, முழங்கை வரை நெய் வழியும் பாற்சோறு காத்திருக்கிறது.

நிறுத்தங்கள்: ஆறாம் பாசுரம் முதல் பதினைந்து வரை பத்து வீடுகள், பத்து ஸ்டேஷன்கள். ஒவ்வொன்றிலும் ஏற வேண்டியவள் தூங்குகிறாள்! ஒருத்தி விளக்கும் நறும்புகையும் சூழ மெத்தையில் கிடக்கிறாள். 'பெண்ணுக்குக் காது கேட்காதா?' என்று அவள் தாயாரையே விசாரிக்க வேண்டியிருக்கிறது. இன்னொருத்தியிடம் கும்பகர்ணனே தோற்றுத் தூக்கத்தைத் தந்துவிட்டானோ என்று சந்தேகம். பத்தாவது வீட்டுக்காரியோ உள்ளே இருந்தபடியே வாக்குவாதம் செய்கிறாள். ஆனால் ஒன்று கவனியுங்கள்: ஒருத்தியைக்கூட விட்டுவிட்டு இந்த வண்டி நகர்வதில்லை.

டிக்கெட் பரிசோதகர்: நந்தகோபன் வாசலைக் காப்பவர். இவரிடம் அதிகாரம் செல்லாது. 'முடியாது என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதே, அப்பா' என்று நயமாகக் கேட்க வேண்டும். உள்ளே போனதும் நந்தகோபன், யசோதை, பலராமன் எல்லோரையும் எழுப்பிவிட்டு, முடிவில் நப்பின்னையைப் பிடிக்க வேண்டும். கணவரிடம் காரியம் ஆக வேண்டுமானால் யாரிடம் சிபாரிசுக்குப் போவது என்பது ஆண்டாளுக்கா தெரியாது?

கடைசி ஸ்டேஷன்: முப்பதாம் பாசுரத்தில் இறங்கிப் பெயர்ப் பலகையைப் பாருங்கள். தகப்பனார் பெயர், தன் பெயர், அதோடு ஊர்ப் பெயர் — 'புதுவை', அதாவது வில்லிபுத்தூர்! ஏறிய இடமேதான் இறங்கும் இடம்.

அந்த நாளில் ஒரு கன்னிப் பெண் யமுனைக்கரை போய் வருவது நடக்கிற காரியமா? போக முடியாத ஊரைத் தன் தெருவுக்கே வரவழைத்துவிட்டாள் அந்தக் கெட்டிக்காரி. 'அடுப்படியை விட்டு நகர முடியவில்லையே' என்று அலுத்துக்கொள்ளும் சகோதரிகளுக்கு இதைவிட நல்ல வண்டி ஏது? வீட்டுக்காரர் லீவு போட வேண்டாம், கட்டணமும் கிடையாது.

ஒரே ஒரு நிபந்தனை. வரும்போது அடுத்த வீட்டுப் பெண்ணையும் எழுப்பி அழைத்து வரவும்.