கல்வராயன் மலையும் கைத்துப்பாக்கியும் - வேட்டை, சட்டம், பொது நிலம் குறித்துச் சில சிந்தனைகள்

தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்த சிற்றூர் மணலூர்பேட்டை. அதன் மேற்கே, தொலைவில், நீலக்கோடாகத் தெரிவது கல்வராயன் மலைத்தொடர். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறான இம்மலை கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பெரிதும் பரந்து கிடக்கிறது. கோமுகி, மணிமுத்தா ஆகிய ஆறுகள் இங்கே பிறக்கின்றன. சாமை, தினை, மரவள்ளி, கடுக்காய் ஆகியன மலையின் விளைபொருள்கள். நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் அடிவாரத்துச் சமவெளியின் பயிர்கள். இவ்விரண்டு நிலங்களுக்கும் பொதுவான ஒரு பொருள் நாட்டுத் துப்பாக்கி. அது காவல் நிலையத்துப் பதிவேடுகளிலும் நாளிதழ்களின் மூலைச் செய்திகளிலும் மட்டுமே இன்று பேசப்படுகிறது. அதன் பின்னே ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதை அறியாமல் அதைப்பற்றித் தீர்ப்புக் கூறுவது நீதியாகாது.

சொற்களிலிருந்தே தொடங்கலாம். துப்பாக்கி என்பது துருக்கிய மொழியின் வழியே நம்மை வந்தடைந்த சொல். தோட்டா, ஜாகீர், ஷிகாரி ஆகியனவும் பாரசீக, உருது மொழிகளின் தொடர்பால் வந்தவையே. முகலாயர் காலத்தில் துப்பாக்கி செய்யும் கலை எத்துணை உயர்ந்திருந்தது என்பதற்கு அபுல் ஃபஸ்லின் ஆயினே அக்பரீ சான்று. அக்பர் விரும்பிக் கையாண்ட ‘சங்க்ராம்’ என்னும் துப்பாக்கியின் பெயரை அந்நூல் நமக்குச் சொல்கிறது. அரண்மனையில் பிறந்த அந்தச் சொற்கள் காலப்போக்கில் மலையுச்சியின் குடிசைகள் வரை ஏறிச் சென்றிருக்கின்றன.

கல்வராயன் மலையை நெடுங்காலம் ஆண்டவர்கள் மூன்று ஜாகீர்தார்கள். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்பன அந்த ஜாகீர்களின் பெயர்கள். கிருஷ்ணதேவராயர் காலத்திலேயே இவ்வுரிமை வழங்கப்பட்டதென்பது வழிவழிச் செய்தி. நாடு விடுதலை பெற்ற பின்னரும் இங்கே ஜாகீர்தார்களின் ஆதிக்கம் தொடர்ந்து, 1976இல்தான் முற்றாக முடிவுக்கு வந்தது. நாட்டின் பிற பகுதி மக்கள் பல பொதுத்தேர்தல்களைக் கண்டுவிட்ட நிலையில், இம்மலை மக்கள் ஜாகீர்தார்க்கு வரி செலுத்தியும் கூலியின்றி உழைத்தும் வாழ்ந்தனர். இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வழங்கும் இப்பெயருக்கும் கேரள மக்களுக்கும் தொடர்பில்லை. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுச் செய்தி. பொங்கலை ஒட்டி ஊர் கூடிச் செல்லும் வேட்டை அவர்தம் மரபுகளுள் ஒன்றாக இருந்தது.

அந்த மலைமக்களின் கையில் இருந்தது வாய்வழி மருந்திடும் ஒற்றைக்குழல் துப்பாக்கி. இதன் இயக்கம் எளியது. குழலின் வாய்வழியே கரிமருந்தை இட்டு, அதன்மேல் நாரையோ துணியையோ வைத்துக் கோலால் இடிப்பர். பின்னர் ஈயக் குண்டையோ ரவையையோ, அண்மைக் காலத்தில் சக்கரங்களில் பயன்படும் பால்ரஸையோ இட்டு மீண்டும் இடிப்பர். குதிரையை இழுத்து விசையைத் தட்டினால் பின்பக்கத்துத் தொப்பி வெடித்து மருந்தைப் பற்றவைக்கும். வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவையே கரிமருந்து. உலகெங்கும் பல நூற்றாண்டுகள் போர்களை நடத்திய மருந்து இதுவே.

இத்துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. ரைஃபிள் என்பதோ குழலின் உட்புறத்தில் சுருள்வரிகள் வெட்டப்பட்டது. அவ்வரிகள் குண்டைச் சுழலச் செய்வதால் அது நெடுந்தொலைவு நேராகச் செல்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் படைவீரர் பயன்படுத்திய 303 அளவுத் தோட்டா குடிமக்களுக்குத் தடைசெய்யப்பட்டிருந்தது. ஆகவே அதே அமைப்பில், வேறு அளவான 315 தோட்டாவுக்கென இஷாப்பூர் தொழிற்சாலை வேட்டை ரைஃபிள்களைச் செய்தது. படையின் தோட்டா குடிமக்கள் கைக்குப் போகலாகாது என்னும் அச்சமே ஒரு துப்பாக்கியின் அளவைத் தீர்மானித்தது.

அமெரிக்கா போன்ற நாடுகளில் வேட்டைக்காரர்கள் சுட்டு முடித்த வெற்றுத் தோட்டாவை எடுத்து, புதிய தொப்பியும் மருந்தும் குண்டும் வைத்து, மீண்டும் நிரப்பிக்கொள்வது இயல்பான பொழுதுபோக்கு. ஒவ்வொரு தோட்டாவிலும் மருந்தை நுண்ணிய தராசில் நிறுத்து இடுவர். செலவு குறைகிறது, குறியும் துல்லியமாகிறது. அவர்கள் வேட்டையாடச் செல்வதற்கென்றே அரசுக்குச் சொந்தமான பரந்த பொது நிலங்களும் அங்குண்டு. உரிமச் சீட்டும் பருவ வரையறையும் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் உண்டு.

நம் நாட்டில் இவற்றுள் எதுவும் இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ தயாரிப்பது குற்றம். உரிமம் பெற்றவர் கட்கி தொழிற்சாலையிற் செய்யப்பட்ட 12 துளைத் தோட்டாக்கள் போன்றவற்றை உரிமம் பெற்ற கடையில், குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டுமே வாங்கலாம். ஆயினும் மலைவாழ் உழவனின் கைத்துப்பாக்கியோ முழுவதும் கையாலேயே நிரப்பப்படுவது. ஒருவர்க்குப் பொழுதுபோக்காக இருப்பது மற்றொருவர்க்குச் சிறைவாசத்தின் காரணமாகிறது.

சட்டம் அவனை முற்றாக மறந்துவிடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கென வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க வேண்டுமென்று தனியே எடுத்துக் கூறுகிறது. எனினும் எழுத்தறிவில்லாத மலைக்குடியானவன் மலையிறங்கி, மனு எழுதி, விசாரணைகளைக் கடந்து உரிமம் பெறுவதும், பின் அதைத் தவறாது புதுப்பிப்பதும் எளிதல்ல. ஆகவே அவன் உரிமமின்றி வைத்திருக்கிறான். 2019இல் செய்யப்பட்ட திருத்தம் உரிமமற்ற துப்பாக்கிக்கான தண்டனையைக் கடுமையாக்கிவிட்டது. காவல்துறையோ அவ்வப்போது, தாமாக ஒப்படைப்போர்மீது வழக்கில்லை என அறிவிக்கிறது. மக்கள் பலர் ஒப்படைத்தும் விடுகின்றனர். இது அறிவார்ந்த அணுகுமுறை. ஏனெனில் பட்டறைக் குழல் வெடித்துக் கையையும் கண்ணையும் இழப்போர் உண்டு. இருட்டில் விலங்கென எண்ணி மனிதரைச் சுட்ட துயரங்களும் உண்டு.

இதே நாட்டில் வேறொரு முறையும் உண்டு. குடகு நாட்டுக் கொடவர்களுக்கு 1861 முதல் துப்பாக்கி உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டு வருகிறது. 2019இல் நடுவண் அரசு இவ்விலக்கை மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. ஒரு மலைச்சமூகத்தின் துப்பாக்கி பண்பாடெனப் போற்றப்பட, மற்றொரு மலைச்சமூகத்தின் துப்பாக்கி குற்றப்பொருளாகப் பறிமுதலாகிறது. இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு இரும்பில் இல்லை, ஆட்சியாளரின் செவிக்கு எட்டும் குரலில் இருக்கிறது.

வேட்டைக்கான நிலம் எப்படிப் பறிபோனது? 1877இல் நீலகிரியில் ஆங்கிலேயர் வேட்டைச் சங்கம் ஒன்றை நிறுவினர். 1879இல் நீலகிரி வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1882இல் சென்னை மாகாண வனச் சட்டம் பிறந்தது. ஒதுக்குக் காடுகளில் வேட்டையாடுவதும் பொறி வைப்பதும் தடைசெய்யப்பட்டன. அவற்றின் நடைமுறை எப்படி இருந்தது? துரைமார் உரிமச் சீட்டுடன் வேட்டையாடினர், அது விளையாட்டு எனப்பட்டது. மலைவாசி உணவுக்காகக் கண்ணி வைத்தான், அது திருட்டு எனப்பட்டது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் ஐரோப்பியர்க்கு விலக்களித்து இந்தியர்க்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. விடுதலைக்குப் பின் 1972இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதலில் சிலவகை வேட்டை உரிமங்களை அனுமதித்தது. 1991இன் திருத்தம் அவற்றை முற்றாக நீக்கியது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடியினரின் நில உரிமையையும் சிறுவனப் பொருள் உரிமையையும் ஏற்றது. ஆயினும் மரபு உரிமைகளைப் பட்டியலிடும் அதன் 3ஆம் பிரிவு, வேட்டையாடும் மரபுரிமையை மட்டும் வெளிப்படையாகவே விலக்கிவிட்டது. இன்று இந்தியாவில் குடிமகன் விரும்பி வேட்டையாடச் செல்லத்தக்க பொது நிலம் எதுவுமில்லை.

இத்தடை தவறென்று நாம் கூறவரவில்லை. காடுகள் சுருங்கிவிட்டன. விலங்கினங்கள் அருகிவிட்டன. இஸ்லாமிய நெறியும் வேட்டையைக் கட்டற்றதாக விட்டுவிடவில்லை என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். திருக்குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் வேட்டையை அனுமதிக்கும் அதே மூச்சில், இஹ்ராம் நிலையில் அதைத் தடுக்கிறது. மக்காவின் புனித எல்லையில் வேட்டைப்பிராணிகளை விரட்டுவதுகூடக் கூடாது. உயிருள்ள பிராணியைக் குறிபார்க்கும் இலக்காக்குவதை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்தார்கள். தேவைக்கு அன்றி வேடிக்கைக்காகச் சிறு பறவையைக் கொன்றாலும் மறுமையில் கேள்வி உண்டென்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட நெறி.

துப்பாக்கி வந்தபோது நம் சட்ட அறிஞர்கள் அதைக் குறித்து ஆழ்ந்து சிந்தித்தார்கள். அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் அளித்த விளக்கத்தின் சாரம், கூர்முனை துளைத்துக் கொன்றது ஆகும், பருமனான பக்கம் அடித்துக் கொன்றது ஆகாது என்பதே. களிமண் உருண்டையை எய்து கொன்ற பறவையை முற்கால அறிஞர் விலக்கியதும் இக்காரணத்தாலேயே. அப்படியாயின் ஈயக் குண்டின் நிலை என்ன? அது எடையால் கொல்கிறதா, துளையால் கொல்கிறதா? டமாஸ்கஸின் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (மறைவு 1836), அதற்கு வெட்டும் முனையில்லை, எரிப்பாலும் வேகத்தின் அழுத்தத்தாலுமே கொல்கிறது எனக் கருதி, உயிரோடிருக்கும்போது அறுத்தாலன்றி ஆகாதென்றார். எகிப்தின் மாலிக்கி அறிஞர் தர்தீர் (மறைவு 1786) அது மற்ற ஆயுதங்களைவிட வலியதென்னும் காரணத்தால் ஆகும் என்ற கருத்தைப் பதிவுசெய்தார். யமனின் ஷவ்கானீயும் (மறைவு 1834) துளைப்பதால் ஆகும் என்றே சொன்னார். ஒரு புதிய கருவியை எதிர்கொண்டபோது அவர்கள் அதன் இயக்கத்தை ஆராய்ந்து விடை கண்டார்கள் என்பதே நாம் கற்கவேண்டிய பாடம்.

கருவியை மட்டுமன்றி நிலத்தையும் நம் முன்னோர் எண்ணிப் பார்த்தார்கள். அறியாமைக் காலத்து அரபுத் தலைவர்கள் நல்ல மேய்ச்சல் நிலத்தைத் தமக்கென ஒதுக்கி, எளியோரை விலக்கி வைத்தனர். அதற்கு ஹிமா என்று பெயர். இறைவனுக்கும் அவன் தூதருக்குமன்றி எவர்க்கும் ஹிமா இல்லையென அறிவித்து அவ்வழக்கத்தை நபியவர்கள் ஒழித்தார்கள். பொதுநலனுக்காக மட்டும் நகீஃ என்னும் இடத்தை ஒதுக்கினார்கள். பின்னர் உமர் (ரலி) அவர்கள் ஷரஃப், ரபதா ஆகிய நிலங்களை ஒதுக்கியபோது, காவலரான ஹுனைய்யிடம் கூறிய அறிவுரை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உள்ள ஏழையை உள்ளே விடு, இப்னு அவ்ஃப், உஸ்மான் ஆகியோரின் மந்தைகளைத் தடு, ஏனெனில் அவர்களின் கால்நடை மடிந்தாலும் பேரீச்சந்தோப்பும் வயலும் அவர்களுக்குண்டு, ஏழைக்கோ வேறு வழியில்லை என்பது அதன் சாரம். காவலும் வேண்டும், காவலில் ஏழைக்கு முன்னுரிமையும் வேண்டும் என்னும் இருமுனை நீதி அது.

இவ்வளவுகோலைக் கல்வராயன் மலைக்குக் கொண்டு வருவோம். வேட்டை விலக்கப்பட்டது முறையே. ஆனால் அதற்கு ஈடாக ஏழைக்குக் கிடைத்தது என்ன? காட்டுப்பன்றி இரவோடிரவாக மரவள்ளியையும் மல்லாட்டையையும் கிளறிவிடுகிறது. உழவன் சுட்டால் வழக்கு. சுடாவிட்டால் கடன். இவ்விரண்டுக்கும் நடுவே அவன் அவுட்டுக்காயையும் கள்ள மின்வேலியையும் நாடுகிறான். அவை பன்றியோடு பசுவையும் மனிதனையும் கொல்லும். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறையின்படி, காப்புக் காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடலாகாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும், அதற்கப்பால் வனத்துறையினரே சுடலாம். அண்டையிலுள்ள கேரளமோ 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே இம்முடிவெடுக்கும் அதிகாரத்தை அளித்தது. தமிழகத்து முறையினால் சமவெளி உழவர்க்கு ஓரளவு நன்மை உண்டு. காட்டின் நடுவிலும் விளிம்பிலும் வாழும் மலைமக்களுக்கோ அந்த முதல் கிலோமீட்டரே உலகம். அவர்களுக்கு இதனால் பயனேதுமில்லை.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் பின்னரே சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கியது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் அங்கு எட்டாதிருப்பதை நாடே அப்போதுதான் கவனித்தது. பிழைப்புக்கு வேறு வழியின்றிச் சாராய ஊறலையும் கள்ளத் துப்பாக்கியையும் நாடும் நிலையை, இவ்விரண்டு குற்றங்களாக மட்டும் பார்ப்பது நோயை விட்டு நோயின் தழும்பைக் கண்டிப்பதாகும்.

ஆகவே ஒப்படைக்கப்படும் ஒவ்வொரு நாட்டுத் துப்பாக்கிக்கும் எதிராக அரசு ஒன்றை ஒப்படைக்க வேண்டும். பயிரிழப்பு நிவாரணம் அறுவடைக்கு முன்னரே கைக்குக் கிடைக்க வேண்டும். கடுக்காய், தேன் போன்ற சிறுவனப் பொருள்களின் உரிமை முழுமையாக ஏற்கப்பட வேண்டும். உண்மையான பயிர்க்காவலுக்கு 13ஆம் பிரிவின்படி உரிமம் கோருவோரின் மனு மலையிலேயே பெறப்பட வேண்டும். இவையனைத்தும் நடப்பில் உள்ள சட்டங்களுக்குள்ளேயே இயல்வன. புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

மணலூர்பேட்டை ஆற்றங்கரையிலிருந்து மாலையில் மேற்கே நோக்கினால் மலை அமைதியாகவே தெரியும். அங்கே ஓர் உழவன் கையில் துப்பாக்கியின்றிப் பரண்மீது விழித்திருக்கிறான். காட்டைக் காப்பதன் விலையை நாம் அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அவன் ஒருவனே செலுத்திக்கொண்டிருப்பது அறமன்று.