மூட்டுக்குள் ஒரு பயணம் – 9: உலோகத்தைக் கவ்வும் எலும்பு

அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி சிமெண்ட் வைத்துச் செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்திய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தப் பிடி அன்றைக்கே கிடைத்துவிடும். ஆனால் ஓடியாடி உழைக்கும் வயதில் இருந்த சிலருக்கு, வருடங்கள் போகப் போக அது தளர்ந்தது. சிமெண்ட் இல்லாமல் எலும்பே உலோகத்தைப் பிடித்துக்கொள்ளாதா?

பிடித்துக்கொள்ளும் என்று காட்டியது ஒரு முயல். 1950-களில் ஸ்வீடனின் லண்ட் நகரில் பெர்-இங்வர் பிரோனெமார்க் என்ற ஆய்வாளர், எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைக் கவனிக்க முயலின் காலில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பதித்தார். ஆய்வு முடிந்து எடுக்கப்போனால், வரவில்லை. எலும்பு அதனோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965-ல் அவர் இதைப் பல் கட்டுவதற்குப் பயன்படுத்தினார். பின்னர் இடுப்பு மூட்டும் டைட்டானியத்தை ஏற்றது.

இன்றைய சிமெண்ட் இல்லாத மூட்டின் மேற்பரப்பைத் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரவென்றிருக்கும். அதில் சுமார் 100 முதல் 400 மைக்ரான் அளவில் நுண்துளைகள் இருக்கும். எலும்புச் செல்லும் அதற்குச் சோறு கொண்டுவரும் ரத்தக்குழாயும் சேர்ந்து நுழைய அந்த இடம் வேண்டும். சில மூட்டுகளில் ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சும் உண்டு. எலும்பிலேயே இருக்கும் கால்சியத் தாதுவின் வகை அது. எலும்பு அதை அந்நியமாகப் பார்ப்பதில்லை.

அறுவை அரங்கில், தொடை எலும்பின் உள்ளே அரத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்குவார்கள். முதலில் மந்தமாகக் கேட்கும் சத்தம், அரம் எலும்புச் சுவரை இறுகப் பற்றியதும் கணீரென்று மாறும். அனுபவசாலியான மருத்துவரின் காது அதற்காகவே காத்திருக்கும். பிறகு அந்த இடத்தில் செயற்கை மூட்டின் தண்டைத் தட்டி இறுக்குவார். அங்கே மனிதரின் வேலை முடிகிறது, எலும்பின் வேலை தொடங்குகிறது.

முதலில் இடைவெளியில் ரத்தம் உறையும். அதில் செல்கள் குடியேறி அவசரத்துக்கு ஒரு பச்சை எலும்பைப் பின்னும். பிறகு அதையே கரைத்துக் கரைத்து, உறுதியான எலும்பாக மாற்றிக் கட்டும். முதல் பிடிப்புக்கே ஏறத்தாழ 4 முதல் 12 வாரம் ஆகும்.

இந்த வாரங்களில் மூட்டு ஆடாமல் இருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே அசைவு சுமார் 40 மைக்ரானுக்குள் இருந்தால் எலும்பு நுழையும்; 150 மைக்ரானைத் தாண்டினால் அங்கே எலும்புக்குப் பதில் நார்த்திசு வளரும். அதற்குப் பிடி கிடையாது, வலிதான் மிஞ்சும். நம் தலைமுடியின் பருமனே ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், எவ்வளவு மெல்லிய கோடு இது!

வலி குறைந்துவிட்டதே என்று மூன்றாம் வாரமே வாக்கரை மூலையில் சாத்திவிடாதீர்கள். எவ்வளவு எடை ஊன்றலாம், எப்போது ஊன்றலாம் என்பது உங்கள் எலும்பைக் கண்ணால் பார்த்த மருத்துவருக்குத்தான் தெரியும். வலி போன நாளும் எலும்பு பிடித்த நாளும் ஒன்றல்ல.

(தொடரும்)