கோழி வலையில் பிடித்த வானத்துப் படம்



வீட்டு மாடியிலே, ஓட்டுக் கூரையிலே தட்டு மாதிரி டிஷ் ஆன்டெனா இருப்பதைத் தினமும் பார்க்கிறீர்கள். வானத்திலிருந்து நேரே கிராமத்துக்குப் படம் வரும் இந்த ஏற்பாடு, நம் நாட்டில் முதலில் கிராம மக்களுக்காகத்தான் சோதிக்கப்பட்டது. அந்த விவரத்தைச் சொல்கிறேன்.

டில்லியில் டெலிவிஷன் 1959-ல் தொடங்கியது. 1967 ஜனவரி 26 முதல், டில்லியைச் சுற்றியுள்ள 80 கிராமங்களுக்கு 'கிருஷி தர்ஷன்' என்ற விவசாய நிகழ்ச்சி வந்தது. தூரத்துக் கிராமங்களுக்கு அது எட்டவில்லை. கோபுரத்திலிருந்து கிளம்பும் டெலிவிஷன் அலை நேர்கோட்டில் போகும்; பூமியோ உருண்டை. கொஞ்ச தூரம் தாண்டினால் அலை தலைக்கு மேலே போய்விடும்.

அதற்கு வழி, கோபுரத்தையே வானத்தில் வைப்பதுதான். பூமத்திய ரேகைக்கு மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், பூமியோடு சேர்ந்தே ஒரு நாளில் ஒரு சுற்று சுற்றும். அதனால் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். ஆன்டெனாவை ஒரு தடவை திருப்பி வைத்தால் போதும்.

1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் நாஸா தன் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை நமக்குத் தந்து உதவியது. ஆந்திரா, கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களில் பொதுப் பெட்டிகள் வைத்தார்கள். ஆந்திராவுக்கும் கர்நாடகத்துக்கும் ஒரே படம். ஆனால் தெலுங்கிலும் கன்னடத்திலும் தனித்தனி ஒலி!

நம் இஸ்ரோ விஞ்ஞானிகள் கிராமத்தில் வைத்த ஆன்டெனா என்ன தெரியுமா? கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பி வலைதான். 10 அடி அகலக் கிண்ணமாகச் செய்தார்கள். வலையில் ஓட்டை இருக்கிறதே, அலை ஒழுகிவிடாதா என்று கேட்பீர்கள். அந்த அலையின் நீளம் ஓர் அடிக்கும் சற்று அதிகம். சின்ன ஓட்டை வழியே அது போகாது. திரும்பி வந்து நடுவில் குவியும். காற்று மட்டும் போய்விடும். செலவும் குறைவு. இன்றைய அலை ஓர் அங்குல அளவுதான். அதனால்தான் சின்னத் தட்டே போதுகிறது.

ஓராண்டு முடிந்ததும் அந்தச் செயற்கைக்கோள் போய்விட்டது. ஆனால் நம்மவர்கள் வேலையைக் கற்றுக்கொண்டார்கள். 1983-ல் இன்சாட்-1பி நம் சொந்தச் செயற்கைக்கோளாக வானில் ஏறியது.

இன்னொரு சேதி முக்கியம். வானத்துப் படம் எல்லோருக்கும் பொது. மண்ணோ ஊருக்கு ஊர் வேறு. இதற்காகவே 1975-ல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பிஜ் என்ற ஊரில் சின்ன ஒளிபரப்பு நிலையம் ஒன்று அமைத்தார்கள். தூக்கிச் செல்லும் வீடியோ காமிராவோடு கிராமத்துக்கே போனார்கள். அந்த ஊர் மக்கள் தங்கள் கஷ்டத்தைத் தங்கள் வாயாலேயே சொன்னார்கள். 1985-ல் அந்த நிலையம் மூடப்பட்டாலும், அது காட்டிய வழி நல்ல வழி.

இன்று காமிரா உங்கள் சட்டைப் பையிலேயே, செல்போனில் இருக்கிறது. எங்கிருந்தோ வரும் படத்தைப் பார்த்து உடனே மருந்து அடித்துவிடாதீர்கள். அது எந்த மண், எந்தப் பட்டம், எந்த ரகம் என்று முதலில் கேளுங்கள். உங்கள் பயிரில் நோய் கண்டால் இலையின் அடிப்பக்கம், தண்டு, வேர் மூன்றையும் படம் எடுத்து, உங்கள் வட்டார வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். படம் வானத்திலிருந்து வரலாம். முடிவு நம் வயலைப் பார்த்துத்தான் எடுக்கணும்.