தலைமன்னார்த் துறை

மலைநாட்டு மாணவன் ஒருவனிடம் தலைமன்னார் எங்குள்ளது என வினவினால், புகையிரதப் பாதையின் முடிவிலே என்பான். விடை பிழையன்று, ஆயினும் போதாது. வலப்பனை, இராகலை, உடப்புசல்லாவைத் தோட்டங்களிலே வாழும் குடும்பங்களுட் பலவற்றின் முன்னோர் இலங்கை மண்ணை முதன்முதலாக மிதித்தது அச்சிற்றூரிலும் அதன் அயற்கரைகளிலுமேயாம்.

மன்னார்த் தீவின் வடமேற்கு நுனியிலே அமைந்தது அவ்வூர். மணலும் பனையும் மிக்கது, மழை அரியது. மேற்கே இராமர் அணை என வழங்கும் மணற்றிட்டுகள் தனுக்கோடியை நோக்கி நீள்கின்றன. வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இரு கடல் உடைமை மீனவர்க்குப் பெரும்பேறு. தென்மேற்குக் காற்றிலே தென்கடல் கொந்தளிக்க, வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடைக்காற்றிலே நிலைமை மாறும். காற்றறிந்து கரை மாறுவர். நம் இலயங்களிலே மணக்கும் கருவாட்டிற் சில அத்தீவின் வெயிலிற் காய்ந்தவை என்பதை உண்போர் நினைப்பதில்லை!

கோப்பிக் காலத்திலே தென்னிந்தியத் தொழிலாளர் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் கால்நடையாக வந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டோர் மிகப் பலர். அவர்க்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. பின்னர் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலேறும் வழியே பெருவழியாயிற்று.

1914 ஆம் ஆண்டிலே தலைமன்னாரின் தோற்றமே மாறியது. மதவாச்சியிலிருந்து இருப்புப்பாதை இறங்குதுறை வரை வந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலே தனுக்கோடிக்குக் கப்பற் சேவையும் தொடங்கிற்று. இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 22 மைலே. சென்னையிற் புகைவண்டியேறியவர் ஒரே பயணச்சீட்டிற் கொழும்பை அடையலாயினர். மீன்பிடி ஊரிலே சுங்க அதிகாரிகளும் சுமைகூலிகளும் நிறைந்தனர். தோட்டத்துக்கு வருவோரோ முன்னதாக மண்டபம் முகாமிலே சில நாள் தடுத்து வைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்ட பின்னரே கப்பலேறினர். 1939 இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்ததும் அவ்வரவு நின்றது.

1964 இவ்வூர்க்கு இருமுறை விதி எழுதிய ஆண்டு. அக்டோபர் 30 இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. டிசம்பர் 22 இரவு வீசிய புயலிலே தனுக்கோடி அழிந்தது; அத்துறையை நோக்கிச் சென்ற புகைவண்டியும் பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. பின்னர் கப்பல் இராமேசுவரத்துக்கே ஓடியது. அக்கப்பலுக்கு நம்மவரை ஏற்றிச் சென்ற வண்டியை மலையகத்தார் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். அதனினும் பொருத்தமான பெயரை எப்புலவனும் சூட்டியிருக்க முடியாது. நானுஓயாவிலே தொடங்கிய அழுகை பொல்காவலையிலும் மதவாச்சியிலும் ஓயவில்லை என்பர். பாட்டன் வந்திறங்கிய துறையிலே பேரன் கப்பலேறினான். பேரனோ கொழுந்துக் கூடையன்றி இந்தியாவின் எந்த ஊரையும் அறியாதவன்.

1984 இல் போரினாற் கப்பல் நின்றது. 1990 இல் புகையிரதமும் நின்றது. அவ்வாண்டு அக்டோபரிலே மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தலைமுறை தலைமுறையாக அயலாராய் வாழ்ந்தவரைப் பிரிந்த அத்துயர் கப்பல் நின்றதினும் பெரிது. போர் முடிந்த பின், 2015 மார்ச்சு மாதத்திலே புகையிரதம் மீண்டும் இறங்குதுறையை எட்டியது. கப்பல் மட்டும் அத்துறைக்குத் திரும்பவில்லை. 2023 இல் தொடங்கிய பயணக் கப்பலும் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கே சென்றது.

மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு நினைவாக, 2023 சூலை இறுதியிலே தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. முன்னோர் நடந்த திசையிலேயே நடந்தவர்கள் ஆகஸ்டு 12 இல் மாத்தளையை அடைந்தனர்.